மோட்டார் சுவிட்ச் மேலே இருக்கிறது

தண்ணீர் வருமா என்று கேட்டீர்கள் பாருங்கள் தம்பி, வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அப்புறம்தான் அட்வான்ஸ், வண்டி நிறுத்த இடம், கறி சமைக்கலாமா, எல்லாம். தண்ணீர் வரும். அதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் வரும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வருவதில்லை. அந்த ஜன்னல் கட்டையில் உட்காருங்கள். காலையில்தான் துடைத்தேன்.

இந்த வீடு காலியாகி ஒரு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. பத்துப் பதினைந்து பேர் வந்து பார்த்துவிட்டார்கள். எல்லாரும் வீடு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, போன் பண்ணுகிறேன் என்று போகிறார்கள். ஒருத்தரும் பண்ணுவதில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

நானும் மயிலாத்தாளும் இருபத்தொன்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்தவர்கள். மயிலாத்தாள் என் சம்சாரம். உங்களுக்குக் கீழே கேட் திறந்துவிட்டாளே, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள்தான். சிங்காநல்லூரில் லைன் வீடு. எட்டுக் குடித்தனம், ஒரு குழாய். நான் மில்லில் நைட் ஷிப்ட். ஐந்தாம் தேதி ஆனால் வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்பார். உள்ளே வர மாட்டார். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சென்னியப்பா, இந்த மாசமாச்சும் உண்டா?" என்பார். நான் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருப்பேன். மயிலாத்தாள் கதவை ஒருச்சாய்த்து வைத்துக்கொண்டு, "அவரு இல்லீங்க" என்பாள். என் செருப்பு வாசலிலேயே கிடக்கும். அவர் அந்தச் செருப்பைப் பார்ப்பார். காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன் தம்பி. அந்தச் செருப்பைத் தள்ளினதுதான் மறக்கவில்லை.

மில் மூடினபோது வந்த பணத்தில் இருகூரில் இந்த இடத்தை வாங்கிக் கட்டினோம். கீழே நாங்கள், மேலே வாடகைக்கு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மேல் வீட்டு வாடகைதான் பென்ஷன் என்று வைத்துக்கொண்டோம். பால் காய்ச்சின அன்றைக்கு மயிலாத்தாள் அடுப்புக்கு முன்னால் நின்றபடி சொன்னாள்: "ஏனுங்க, நாம யாரு வாசல்லயும் போயி வாடகைன்னு நிக்கவே கூடாதுங்க." நானும் சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு வரைக்கும் காப்பாற்றியிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, வாடகை என்ற வார்த்தையைக் குடியிருந்தவர்களிடம் நான் சொன்னதில்லை.

அதற்காக ஒரு ஏற்பாடு பண்ணினோம். படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு தகரப் பெட்டி பார்த்திருப்பீர்களே? தபால் பெட்டி என்று நினைத்திருப்பீர்கள். வாடகைப் பெட்டி. குடியிருப்பவர்கள் எந்தத் தேதியில் முடிகிறதோ அன்றைக்கு வந்து அதில் போட்டுவிட வேண்டியது. பத்தாம் தேதி மயிலாத்தாள் பூட்டைத் திறந்து எடுத்துக்கொள்வாள். கொடுக்கிறவன் முகத்தை வாங்குகிறவன் பார்க்க வேண்டாம். நாங்களாகக் கண்டுபிடித்ததுதான். என் மச்சான் கிட்டுச்சாமி, மயிலாத்தாளுடைய தம்பி, ஒண்டிப்புதூரில் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவன், அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டது. "இதென்ன மாமா, கோயில் உண்டியலா? வர்றவன் பத்து ரூபா போட்டுட்டு கன்னத்துல போட்டுக்குவான் பாருங்க."

அட்வான்ஸ் எல்லாரும் பத்து மாதம் வாங்கும்போது நாங்கள் ஒரு மாதம் வாங்கினோம். பத்து மாதம் சேர்ப்பதற்குள் மயிலாத்தாளின் தோடு எத்தனை தடவை அடகுக்குப் போயிருக்கிறது என்று எங்களுக்குத்தானே தெரியும்.

அப்படித்தான் இசக்கிராஜ் வந்தான். அவன் பெண்சாதி உலகம்மாள். தென்காசிப் பக்கம். அவன் ஒரு பம்புசெட் பட்டறையில் காயில் கட்டுகிற வேலை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி: மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுவார்களே, அந்த வேலை. மோட்டாரின் ஓட்டம் காதில் விழுந்தாலே எத்தனை வருஷத்து மோட்டார் என்று சொல்லுவான். கீழே நம் மோட்டார் ஓடினால் மாடியில் நின்று, "அண்ணாச்சி, பேரிங் உறுமுதே, ஒரு நாளைக்குப் பிரிச்சுப் பாக்கணும்" என்பான்.

அவர்கள் வந்த பிறகு வீட்டில் சத்தம் வந்தது. உலகம்மாள் படியில் இறங்கும்போதே, "யக்கா, என்ன குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். "இதென்ன யக்கா, சாம்பாருக்கு வெல்லம் போடுதீய? பாயாசமா வைக்கீய?" என்று கேலி பண்ணுவாள். மயிலாத்தாள், "உங்க ஊரு புளித்தண்ணிய குடிச்சா நாக்கு சுருண்டுக்கும் அம்மிணி" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மயிலாத்தாள் சிரித்து நான் எப்போது கேட்டிருந்தேன்? லைன் வீட்டில் அவள் சிரித்ததே இல்லை.

நாலு மாதம் பெட்டியில் பணம் விழுந்தது. ஐந்தாவது மாதம் ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. "அண்ணாச்சி, பட்டறையில் வேலை இல்லை. அடுத்த மாசம் சேத்துத் தாரேன்." அடுத்த மாதமும் சீட்டு. அதற்கு அடுத்த மாதம் சீட்டும் இல்லை. மயிலாத்தாள் பத்தாம் தேதி பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவிவிட்டு, மறுபடி பூட்டி வைப்பாள். இப்படியே ஏழு மாதம்.

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படியில் பார்த்தால், "சாப்பிட்டாச்சாப்பா?" என்பேன். அவன், "ஆச்சு அண்ணாச்சி" என்று தலையைக் குனிந்துகொண்டு போவான். பழைய மனுஷனாக இருந்தால் அவனே பேச்சை எடுத்திருப்பான் என்று எனக்குள் ஒரு கோபம். எடுக்கட்டும் என்று நானும் காத்திருந்தேன். அவன் ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள்? அது அவனைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்கிற ஆள் இல்லை.

இதற்கு நடுவில் மயிலாத்தாளுக்கு முழங்கால் இரண்டும் மடங்கிப் போயிற்று. குனிந்தால் நிமிர முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பண்ணினால் நடப்பாள், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்தில் கட்டில்தான் என்றார். கையில் காசில்லை. நான் ஒரு நூல் குடோனில் ராத்திரிக் காவலுக்குப் போனேன். மில்லை விட்டாலும் ராத்திரி என்னை விடவில்லை பாருங்கள்.

அப்போதுதான் கிட்டுச்சாமி வந்தான். "மாமா, வாடகைக்கு விட்டீங்களா, தானமாக் குடுத்துட்டீங்களா? அக்கா காலு இப்படிக் கெடக்குது. எனக்குத் தெரிஞ்ச பார்ட்டி ஒண்ணு இருக்குது, பத்து மாச அட்வான்ஸ் கையில வெச்சுட்டுக் காத்திருக்குது. இவனைக் கெளப்புங்க."

"எப்படிறா மாப்ள கெளப்பறது? போன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

"சொல்லவே வேண்டாமுங்க. மோட்டார் சுவிட்ச் உங்க ஊட்டுக்குள்ளதான இருக்குது? போடாதீங்க. மேல் டேங்க் காலியாச்சுன்னா மூணே நாளு. அவனே வந்து கேப்பான். வாடகைய வெய்யி, தண்ணிய எடுத்துக்கன்னு சொல்லுங்க. முடிஞ்சு போச்சு."

யோசனை அவனுடையது. நான் நினைத்ததில்லை. அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இசக்கிராஜ் அந்த வாரம் வேலை தேடி ஓசூர் போயிருந்தான். மறுநாள் காலையில் நான் சுவிட்சைப் போடவில்லை. மயிலாத்தாளிடமும் தொடாதே என்று சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: "வாடகை வந்தாத்தான் தண்ணி அம்மிணி." நன்றாகத்தான் வந்தது.

பத்து மணி வாக்கில் உலகம்மாள் காலிக் குடத்தோடு இறங்கி வந்தாள். தலையில் அள்ளி முடிந்த ஈரத் துண்டு. பாதிக் குளியலில் தண்ணீர் நின்றிருக்கும் போல. "அண்ணாச்சி, மோட்டார் போடலியா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

என் வாய் சொன்னது: "மோட்டார் கெட்டுப்போச்சு அம்மிணி. காயில் கருகிருச்சு."

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? கோயமுத்தூர்க்காரன் வாயில் மோட்டார் கெட்டுப்போச்சு என்று வந்தால் அடுத்து காயில் என்றுதான் வரும். காயில் கட்டுகிறவன் பெண்சாதியிடம் போய் நான் அதைச் சொன்னேன்.

அவளுக்குச் சந்தோஷம் தம்பி. நிஜமாகவே முகம் மலர்ந்துவிட்டது. "கடையில குடுத்துராதீய அண்ணாச்சி! கண்டமானைக்கும் துட்டு பிடுங்கிருவான். எங்க வீட்டாளு வந்துட்டும். அவிய கை பட்டா ஓடாத மோட்டார் கெடையாது. ஒத்தப் பைசா செலவு வைக்க மாட்டாவ." அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டாள். அவன் அந்தப் பக்கத்திலிருந்து, யாரையும் தொட விடாதே, நான் வந்து பார்க்கிறேன் என்றானாம்.

அவ்வளவுதான். பூட்டிக்கொண்டோம். எங்கள் கையாலேயே எங்களைப் பூட்டிக்கொண்டோம். அவன் வருகிற வரைக்கும் மோட்டாரைப் போட முடியாது. போட்டால் பொய் வெளியே வந்துவிடும். இரண்டு வீட்டுக்கும் ஒரே டேங்க்தான்; எங்களுக்கும் குழாயில் தண்ணீர் கிடையாது.

கேட்டுக்குப் பக்கத்தில் நிலத்தொட்டி இருக்கிறதல்லவா, மூடி போட்டு? அதில் தண்ணீர் இருந்தது. கயிறு கட்டி வாளியில் இறைக்க வேண்டும். மயிலாத்தாளால் குனிய முடியாது. நான் விடிந்து வந்து படுத்தால் எழ மத்தியானம் ஆகும். முதல் நாளே உலகம்மாள் வந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க குனியாதீய யக்கா. அண்ணாச்சியும் ராப்பூரா முழிச்சுட்டு வாராவ, தூங்கட்டும். நான் எதுக்கு இருக்கேன்?"

முதலில் எங்கள் அண்டா. அப்புறம் எங்கள் குடம் இரண்டு. அதற்கப்புறம்தான் அவளுடையது. பதினேழு படி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

பதினொரு நாள்.

நான் உள்ளே படுத்திருப்பேன். தூக்கம் எங்கே வரும்? வாளி தண்ணீரில் விழுகிற சத்தம், கயிறு உரசுகிற சத்தம், அப்புறம் எங்கள் அண்டாவில் கொட்டுகிற சத்தம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். மயிலாத்தாள் தினமும் சாயங்காலம் சொல்வாள்: "போட்டுடலாமுங்க. தானா சரியாப் போச்சுன்னு சொல்லிக்கலாமுங்க." நான் சொல்வேன்: "கருகின காயில் தானாச் சரியாகுமா? புத்தியிருக்குதா உனக்கு?"

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, உலகம்மாளின் உள்ளங்கை கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்ததை மயிலாத்தாள் பார்த்துவிட்டாள். கூப்பிட்டு உட்கார வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். தடவிக்கொண்டே அழுதாள்.

"என்னத்துக்கு யக்கா அழுதீய?"

"காலு வலிக்குது கண்ணு."

"நீங்க இங்கன உக்காருங்க" என்று அவள் அந்த எண்ணெய்க் கையாலேயே மயிலாத்தாளின் முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். நான் கட்டிலிலிருந்து பார்த்தேன். எழுந்து போய் சுவிட்சைப் போட்டிருக்கலாம். நாலு எட்டு தூரம். அதுகூட இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் இசக்கிராஜ் வந்தான். பையைக்கூட மேலே கொண்டுபோய் வைக்கவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றான். முகமெல்லாம் பல். "அண்ணாச்சி, வேலை கெடைச்சிட்டு. ஓசூர்ல பெரிய கம்பெனி. ஏழு மாசமா உங்க மூஞ்சியில முழிக்கவே கூசிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க ஒரு வார்த்தை கேக்கல. வேற யாரா இருந்தாலும் சாமானத்தைத் தூக்கி வெளிய எறிஞ்சிருப்பாவ. மூணு மாசத்துல எல்லாத்தையும் அடைச்சிருதேன். எங்க, மோட்டாரைக் காட்டுங்க. முதல்ல உங்களுக்கு இதைச் செஞ்சு குடுக்கேன்."

உலகம்மாள் பின்னால் நின்றாள், கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி.

அவன் மோட்டார் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். "எப்படிப் போச்சு அண்ணாச்சி? புகை வந்துச்சா?"

"வந்துச்சு."

"நல்லாவா?"

"நல்லா வந்துச்சு. கட்டுக்கட்டா."

"கருகின வாசம்?"

"ஊடே நாறிப்போச்சு" என்றேன். சமையலறையில் மயிலாத்தாள் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்தது.

அவன் நட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினான். மூடியை எடுத்தான். உள்ளே பார்த்தான். விரலால் தடவினான். குனிந்து மோந்து பார்த்தான். கருகின காயில் என்றால் அந்த நாற்றம் மாதக்கணக்கில் போகாதாம், எனக்குப் பிறகுதான் தெரியும். அவன் எழுந்திருக்கவில்லை. அப்படியே குனிந்த தலையோடு இருந்தான். என்னைத் திரும்பிப் பார்ப்பான், இப்போது பார்ப்பான் என்று நின்றேன். பார்க்கவில்லை. அவன் பார்த்தது அந்த வாளியை. கயிறு சுற்றி நிலத்தொட்டி மூடிமேல் இருந்தது. அப்புறம் உலகம்மாளின் கையை.

"என்ன, காயில் போயிருச்சா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா ஏட்டி" என்றான். "நல்லாத்தான் கருகியிருக்கு. பேரிங்கும் போச்சு."

என் காதால் கேட்டேன் தம்பி.

கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினான். என்னிடம் காசு கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் வந்தான். எங்களை எல்லாம் உள்ளே போகச் சொன்னான், பக்கத்தில் ஆள் நின்றால் வேலை ஓடாது என்று. மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டான். "போடுங்க அண்ணாச்சி" என்றான். நான் உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. ஓடவில்லை என்று நினைத்து வெளியே வந்தால் மேலே டேங்கில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. உலகம்மாள் கை தட்டினாள். "பாத்தீயளா யக்கா, நான் சொல்லல?"

சாயங்காலம் குப்பைக்கூடையில் இரண்டு அட்டைப் பெட்டி கிடந்தது. புதுப் பேரிங். அதை மட்டும் நிஜமாகவே மாற்றியிருக்கிறான்.

அடுத்த வாரம் காலி பண்ணினார்கள். ஆடி ஏழாம் தேதி. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? உலகம்மாள் பாத்திரம் கட்டிக்கொண்டே மயிலாத்தாளிடம் புலம்பினாள். "ஆவணி பொறந்து போவோம்னு தலைகீழா நின்னு சொல்லுதேன் யக்கா, கேக்கவே மாட்டேங்காவ. அப்படி என்ன அவசரமோ. கம்பெனிக்காரன் ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் வீடு தாரேன்னுதான் சொல்லியிருக்கான்." மயிலாத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், குனியாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லியிருக்க மாட்டான்.

சாவியை வாங்க நான் படிக்கட்டுக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். இசக்கிராஜ் இறங்கி வந்தான். "வாரேன் அண்ணாச்சி" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். சாவியை என் கையில் கொடுக்கவில்லை. அந்தப் பெட்டியில் போட்டான். டங்கென்று ஒரு சத்தம். ஏழு மாதம் கழித்து அந்தப் பெட்டியில் விழுந்த முதல் சத்தம்.

பாக்கி வந்துவிட்டது. அதைக் கேட்கிறீர்களா? சொன்ன மாதிரி மூன்று மாதத்தில், முழுசாக, பேங்கில் போட்டுவிட்டான். பேரிங் காசுகூடக் கழிக்கவில்லை. நான் கேட்டேனா? கேட்கவே இல்லை. அவனாகப் போட்டான். கிட்டுச்சாமியிடம்கூடச் சொன்னேன், பார்த்தாயா மாப்பிள்ளை, கேட்காமலே வரும் என்று. இசக்கிராஜ் நம்பருக்குப் போன் பண்ணினால் இப்போது எடுப்பதில்லை.

ஆபரேஷனா? எங்கே பண்ணுகிறாள். "அந்தக் காசுல என் காலு நிமிர வேண்டாமுங்க" என்றுவிட்டாள். அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். "கேட்டிருந்தா அந்தப் பையன் ஒரு பதில் சொல்லியிருப்பானுங்க. கேக்காமயே தண்டனையக் குடுத்துப்போட்டமே." அவளுக்கு என்ன தெரியும்? வாசலில் போய் நிற்கக் கூடாது என்று சொன்னதே அவள்தானே. பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது. அவள் சுவரைப் பிடித்து நடக்கிறாள். பத்தாம் தேதி வந்தால் இன்னமும் போய் அந்தப் பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்க்கிறாள். காலி வீட்டுக்கு யார் போடுவார்கள்? சொன்னாலும் கேட்பதில்லை.

எழுந்துவிட்டீர்களா? இருங்கள், தண்ணீரைப் பற்றித்தானே கேட்டீர்கள். சுவிட்சை மேலே மாற்றிவிட்டேன். இதோ, கதவுக்குப் பக்கத்தில். இனிமேல் மேலே இருக்கிறவர்கள் போட்டால்தான் கீழே எங்களுக்குத் தண்ணீர். இப்போதைக்கு நானே காலையில் ஏறி வந்து போட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் வந்துவிட்டால் நீங்கள்தான் போட வேண்டும். காலையில் ஒரு தடவை போதும். அவளால் குனிந்து இறைக்க முடியாது, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை உங்கள் சௌகரியம். நான் கேட்கிற ஆள் இல்லை.

போட்டேன், பார்த்தீர்களா? ஒரு சத்தமும் இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று மேலே இருந்து தெரியாது. கீழே வந்து கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வாருங்கள், போகிற வழிதான். படி பார்த்து இறங்குங்கள், பதினேழு.

இங்கே, இப்படி. உள்ளங்கையை வையுங்கள். பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது. கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்.

ஓடுகிறதல்லவா?